கடலோரமா, காவிரிக்கரையா, தேரிக்காடா: ஒரு வாரம் சைக்கிள் மிதிக்க எந்த வழி?

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். ஜனவரி கடைசியில் ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது, சைக்கிளில் போகப் போகிறேன், கடலைப் பார்த்துக்கொண்டே போகணும், நல்ல வழியாகச் சொல்லுங்கண்ணா என்றான். இதுவரை அவன் போன அதிகபட்ச தூரம் சென்னையிலிருந்து மாமல்லபுரம். அதுவும் திரும்பி வரும்போது கோவளத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டுக் காரை வரச் சொன்னவன். கிண்டல் செய்யவில்லை, நான் முதல் தடவை பாண்டிச்சேரி கிளம்பி மரக்காணத்தில் சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தவன்.

அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. வயலும் கடலும் பார்த்தபடி ஒரு வாரம் மிதிக்கத் தமிழ்நாட்டில் நான் சொல்லக்கூடிய வழிகள் மூன்று. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை. அடுத்தது, திருச்சியில் கிளம்பி கல்லணை வழியாகக் காவிரியை ஒட்டியே கிழக்கே போய்க் கடலில் முடிப்பது. இன்னொன்று ராமநாதபுரத்தில் ஆரம்பித்து தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி. முதலாவதைத் துண்டு துண்டாகப் போயிருக்கிறேன், காவிரிக்கரையை மூன்று தடவை, தெற்கே உள்ளதை ஒரே ஒரு தடவை. என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்திருக்கும், ஆனால் தம்பிக்கு நான் அதைச் சொல்லவில்லை. காரணம் காற்று.

மூன்றுமே தட்டையான வழிகள். ஆற்றுப் பாலம் ஏறி இறங்குவதைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. இதைக் கேட்டதும் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே சந்தோஷம். மேட்டிலாவது உச்சி வந்ததும் இறக்கம் என்று ஒன்று உண்டு, எதிர்காற்றுக்கு அது கிடையாது, காலை பத்து மணிக்குப் பிடித்தால் சாயங்காலம் வரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். மணிக்கு 20 கி.மீ. போகிற ஆள் 12-க்கு வந்துவிடுவான், வந்தது மட்டுமில்லாமல் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வான். தையிலும் மாசியிலும் நம் கிழக்குக் கடற்கரையில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். சென்னையிலிருந்து தெற்கே போகிறவனுக்கு அது முதுகில் கை வைக்கும், ராமேஸ்வரத்திலிருந்து வடக்கே வருகிறவனுக்கு முகத்தில் அறையும். ஆடி வாக்கில் எல்லாம் தலைகீழ். அப்போது தென்மேற்குப் பருவக்காற்று, அம்மியைப் பறக்க வைக்கும் அதே காற்று, மேற்கே மலைக் கணவாய்களைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்கும்போது திருச்சியிலிருந்து கிழக்கே போகிறவனைத் தூக்கிக்கொண்டு போகும். அதே காற்று கன்னியாகுமரிப் பக்கம் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும்போது, எதிரே போனால் சைக்கிளை நிறுத்தியே விடும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளையும் சும்மா கொண்டுபோய் நட்டுவைக்கவில்லை.

ஆகவே எந்த வழி என்று என்னிடம் கேட்டால், எந்த மாசம் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். லீவு ஆடியில் என்றால் காவிரிக்கரை, மேற்கிலிருந்து கிழக்கே. தையில் என்றால் கடலோரம், வடக்கிலிருந்து தெற்கே. ஐப்பசி, கார்த்திகையில் என்றால் வீட்டில் இருக்கலாம், புயல் எங்கே கரையேறும் என்று டிவி பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

இனி ஒவ்வொன்றாக.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பிப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும்: அந்தச் சாலையில் கடல் அதிகம் தெரியாது. சென்னையை விட்டு வெளியே வந்ததும் ரிசார்ட் மதில்கள், சவுக்குத் தோப்பு, கல்யாண மண்டபம், மனைப்பிரிவு விளம்பரப் பலகைகள். கோவளம் முகத்துவாரத்தில் கொஞ்சம், மாமல்லபுரம் தாண்டி அங்கங்கே கொஞ்சம், மரக்காணத்தில் உப்பளம். மரக்காணத்துக்குப் பக்கத்தில் உள்ள கழுவேலி ஏரியை மட்டும் தவறவிடக் கூடாது, குளிர்காலத்தில் காலை வெயிலில் அங்கே பறவைகளைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு 50 கி.மீ. குறைத்துக்கொள்ளலாமா என்று தோன்றும். மற்றபடி பாண்டிச்சேரி வரையிலான ஏறக்குறைய 150 கி.மீ. தூரம் ஒரு சாலை, அவ்வளவுதான். சனி, ஞாயிறு காலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள் கூட்டம் இருக்கும், அது ஒரு தெம்பு. ஆனால் அதே காலையில்தான் கார்களும் பைக்குகளும் பந்தயம் விடும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்கு வழியாக்கும் வேலை வேறு நடந்துவருகிறது. நான்கு வழிச் சாலை சைக்கிளுக்கு நல்லதா கெட்டதா என்று நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. ஓரம் அகலமாகக் கிடைக்கும் என்பது உண்மை. அந்த அகலமான ஓரத்தில்தான் எதிர்த்திசையில் டூவீலர்கள் வரும் என்பதும் உண்மை.

பாண்டிச்சேரி தாண்டினால் கடலூர், சிதம்பரம், சீர்காழி. சாலை உள்நாட்டுக்குப் போய்விடுகிறது, லாரி அதிகம், எனக்குச் சலிப்பூட்டிய பகுதி இதுதான். சிதம்பரத்தில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் 15 கி.மீ. சுற்றிப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போய்வந்தால் அந்தச் சலிப்பு கொஞ்சம் தீரும். அப்புறம் திருக்கடையூர். அங்கே தங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் பஞ்சாங்கத்தை ஒரு தடவை புரட்டிப் பார்க்கவும், அறுபதாம் கல்யாணம் செய்ய ஊர் ஊராக வந்து இறங்குவார்கள், முகூர்த்த நாளில் ஒரு அறை கிடைக்காது. நான் ஒரு தடவை இது தெரியாமல் போய், வியர்வையில் ஊறிய சட்டையோடு பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவே நின்று, கடைசியில் தரங்கம்பாடி வரை இருட்டில் மிதித்தேன். அதுவும் நல்லதுக்குத்தான். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டைக்கு முன்னால் விடிகாலையில் கடலோடு தனியாக நிற்பது, சென்னையிலிருந்து அதுவரை வந்த வழியில் கிடைக்காத ஒன்று.

என் கருத்தில் இந்தச் சாலை உண்மையில் கடற்கரைச் சாலையாக மாறுவது நாகப்பட்டினத்துக்கு அப்புறம்தான். வேளாங்கண்ணி, வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், பாம்பன். பெயர்களைச் சும்மா வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே எனக்குக் கால் பரபரக்கும். போக்குவரத்து சட்டென்று குறைந்துவிடும். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் சாலை. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது, அதற்கு முன்னால் போனவர்கள் சொல்லும் நிழலை இப்போது எதிர்பார்க்காதீர்கள். புதிதாக வைத்த கன்றுகள் நிழல் தர ஆரம்பித்திருக்கின்றன என்றாலும் பத்தரைக்கு மேல் வெயில் வெயில்தான்.

வேதாரண்யத்திலிருந்து 11 கி.மீ. உள்ளே கோடியக்கரை. வெளிமான், காட்டில் திரியும் மட்டக்குதிரைகள், குளிர்காலத்தில் பூநாரை. சரணாலயத்துக்குள் சைக்கிள் விடுகிறார்களா என்பதை அன்றைக்கு வாசலில் இருக்கும் வனத்துறை ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு விட்டார்கள், என் பின்னால் வந்த நண்பரை ஏனோ யோசித்துத்தான் விட்டார்கள். சேதுபாவாசத்திரம் பக்கத்தில் மனோரா என்று ஒரு கோபுரம், நெப்போலியன் தோற்றதற்காக வெள்ளைக்காரனைப் பாராட்டி இரண்டாம் சரபோஜி கட்டியது. ஐரோப்பாவில் யாரோ யாரையோ ஜெயித்ததற்குத் தஞ்சாவூர் ராஜா மீனவர் குப்பங்களுக்கு நடுவே எட்டு மாடி எழுப்பியிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டே அதன் நிழலில் ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கினேன். ராஜாவுக்கு நன்றி.

சாப்பாடு இந்தப் பகுதியில் அருமை. அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் முஸ்லிம் சமையல், சாயங்காலம் ஆனால் இறால் வைத்த வாடா, சூடான பரோட்டா, காரமான மீன் ஆணம், அதாவது குழம்பு. நோன்பு மாதத்தில் போனால் பகலில் கடைகள் பல திறந்திருக்காது, ஆனால் சாயங்காலம் பள்ளிவாசல் பக்கம் நோன்புக் கஞ்சி கிடைக்கும், வேண்டாமென்றாலும் விட மாட்டார்கள். தங்குவதுதான் சிரமம். வேளாங்கண்ணியிலும் ராமேஸ்வரத்திலும் அறைக்குப் பஞ்சமில்லை, நடுவில் உள்ள ஊர்களுக்கு முன்னாடியே யோசிக்க வேண்டும். வேதாரண்யத்தில் கிடைக்கும். அதிராம்பட்டினத்திலிருந்து 12 கி.மீ. உள்ளே போனால் பட்டுக்கோட்டை, அங்கே நல்ல லாட்ஜ்கள் உண்டு. தொண்டியில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

கடைசியில் பாம்பன். 1988-இல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீளம். நடுப்பாலத்தில் கார்களை நிறுத்திவிட்டு போட்டோ எடுக்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு ஈடுகொடுத்துச் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை 55 கி.மீ. கிழக்கே பார்த்து வருவதால் தையில் இந்த ஒரு துண்டு மட்டும் காற்றுக்கு எதிரே, முதுகில் தள்ளிக்கொண்டு வந்த காற்று கடைசி நாளில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். அதற்கு அப்புறம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊருக்கும் அதைத் தாண்டி அரிச்சல்முனைக்கும் 2017-இல்தான் நல்ல தார்ச்சாலை வந்தது. இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேலே ஒரு துளி நிழல் இல்லை, கடைசிப் பகுதியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. சாயங்காலம் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் விடிந்ததும் போய்விடுவது நல்லது. தம்பி கேட்டானே, கடலைப் பார்த்துக்கொண்டே போகணும் என்று, அந்த ஆசை முழுசாகத் தீர்கிற இடம் சென்னையிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 600 கி.மீ. தள்ளி, கடைசி 20 கி.மீ.யில் இருக்கிறது.

காவிரிக்கரை வேறு உலகம். திருச்சியில் கிளம்பி கல்லணை 20 கி.மீ. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரிவதைக் கரிகாலன் சிலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம் என்று ஆற்றோரமாகவே போகலாம். இரண்டு கி.மீ.க்கு ஒரு டீக்கடை. புதிதாக மிதிக்கிறவனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். களைத்தால் நிற்கலாம், படித்துறையில் உட்காரலாம், ரொம்ப முடியவில்லை என்றால் தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை என்று எங்கே பார்த்தாலும் ரயில் நிலையம். திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடுவது, கும்பகோணத்தில் பித்தளை டபராவில் காபி குடிப்பது இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

கும்பகோணத்திலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. நேரே கிழக்கே மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் போய், காவிரி கடலில் கலக்கும் இடத்தில் முடிக்கலாம். திருச்சியிலிருந்து மொத்தம் 150 கி.மீ. சுமார், இரண்டு நாளில் அலுங்காமல் முடியும். நான் சொல்வது மற்றது: தென்கிழக்கே திரும்பி வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். இது ராஜாஜி 1930-இல் நடந்த உப்புச் சத்தியாகிரக யாத்திரையை ஒட்டிய வழி. ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியில் சுமார் 100 தொண்டர்களோடு கிளம்பி, 150 மைல் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். ஊர்க்காரர்கள் பொட்டலம் கட்டி மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போனார்களாம். சாலையோரத்தில் பழைய புளியமரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எந்தக் கிளையில் என்று என்னையறியாமல் அண்ணாந்து பார்ப்பேன். சித்திரை வெயிலில் அவர்கள் பதினைந்து நாள் நடந்ததை நாம் கியர் சைக்கிளில் மூன்று நாளில் முடித்துவிட்டு முதுகு வலிக்கிறது என்கிறோம்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கடல் கடைசி நாளில்தான் வரும். நாய்கள். ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு கூட்டம் இருக்கும், ஓடுகிற சைக்கிளைத் துரத்துவது அவற்றுக்குக் கடமை. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் ஆர்வம் போய்விடும், வேகமாக மிதித்துத் தப்பிக்கலாம் என்று நினைத்து ஒரு தடவை வாய்க்காலில் போய் விழுந்தேன். மழை பெய்திருந்தால் ஆற்றங்கரை மண்பாதையில் இறங்கவே கூடாது, அந்தக் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டால் குச்சி வைத்துக் குத்தித்தான் எடுக்க வேண்டும். ஜனவரியில் சம்பா அறுவடை. பொன்னிறமாக வயல் கிடக்கும் அழகு ஒரு பக்கம், சாலையில் பாதியை அடைத்துக் காயப்போட்ட நெல் மறுபக்கம். நெல் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும், காயப்போட்டவரிடம் திட்டும் கிடைக்கும், இரண்டுமே நியாயம்தான். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் அறை தேடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், தையில் வடகிழக்குக் காற்று இந்த வழியில் எதிரே வரும். காலை ஒன்பதரை வரை தெரியாது, அப்புறம் தெரியும்.

இதுவே ஆடியில் என்றால் கதை வேறு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், அணையில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். சில நாட்களில் கல்லணைக்கு வந்து, பிறகு ஒவ்வொரு வாய்க்காலாகப் பரவும். ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பினால் கரை புரளும் ஆறு இடப்பக்கம், நாற்று விட்ட வயல் வலப்பக்கம், மேல்காற்று முதுகில். நான் மூன்று தடவை போனதில் இரண்டு தடவை இப்படித்தான் போனேன். ஒரு வருஷம் மேட்டூர் திறக்கத் தாமதமாகி மணல் ஆற்றைப் பார்த்துக்கொண்டே போனேன், அந்தப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தெற்கே உள்ள வழி, ராமநாதபுரத்திலிருந்து கன்னியாகுமரி, 250 கி.மீ. சொச்சம். மூன்றில் அதிகம் பேர் போகாத வழி இது, முதல் தடவை போகிறவனுக்கு நான் சொல்லாத வழியும் இதுதான். கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் என்று தூத்துக்குடியை நோக்கிப் போகும்போது கண்ணுக்கெட்டிய தூரம் பனையும் உடைமரமும் சீமைக் கருவேலமும். பதினைந்து கி.மீ. கடையே இல்லாமல் போகும். பிறகு ஒரு கடை வரும், அதுவும் மூடியிருக்கும். குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர் கூடவே இருக்க வேண்டும்.

சீமைக் கருவேல முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த முள் ஏறினால் டயரைத் தாண்டி டியூபில் இரண்டு இடத்தில் ஓட்டை போடும். நிழல் இருக்கிறதே என்று சாலையை விட்டு இறங்கிச் சைக்கிளை மரத்தடியில் சாய்த்தீர்களானால் உங்கள் கதை முடிந்தது. நான் ஒரே நாளில் நாலு பஞ்சர் ஒட்டினேன், அதில் மூன்று ஒரே முள்ளால் வந்தது. டயருக்குள் ஒடிந்து நின்ற முனையை எடுக்காமலே புது டியூப் போட்டுப் போட்டுக் காற்றடித்திருக்கிறேன். நாலாவது தடவை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டையா வந்து, டயரின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவி, முனையைக் கண்டுபிடித்து நகத்தால் பிடுங்கிக் கையில் கொடுத்தார். எந்த ஊரு ராசா என்று கேட்டார், சென்னை என்றேன், ம் என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

தூத்துக்குடி வந்துவிட்டால் மீதி வழிக்காக அதுவரை பட்டதெல்லாம் பட்டிருக்கலாம் என்று தோன்றும். உப்பளங்களுக்கு நடுவே காலை ஐந்தரைக்கு வெளியே வந்தால் வெள்ளைக் குவியல்கள் வெளிச்சத்துக்கு முன்னாலேயே தெரிய ஆரம்பிக்கும். திருச்செந்தூர் 40 கி.மீ. தைப்பூசத்தை ஒட்டிப் போனால் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்து போகலாம், தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் சைக்கிள்காரனுக்கும் உண்டு. ஆனால் அங்கேயும் அறை கிடைக்காது. திருச்செந்தூர்ப் பக்கத்திலேயே தேரிக்காடு, செக்கச் செவேலென்ற மணல் மேடுகள். சாலையிலிருந்து பார்த்தால் போதும், மணலில் மிதிக்கலாமா என்று இறங்கிப் பார்த்தால் பத்தடியில் சக்கரம் புதையும். அப்புறம் குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி. மணப்பாட்டுக் குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. அங்கே நின்று பார்க்கும்போது கீழே கடலும் கட்டுமரமும் ஊரின் ஓட்டுக்கூரைகளும் தெரியும், மூன்று வழிகளையும் சேர்த்து ஒரே ஒரு இடம் சொல் என்றால் நான் சொல்வது அதுதான். மாசி, பங்குனிக்கு அப்புறம் போனால் வழியெல்லாம் பதநீர். தையில் கிடைப்பது அரிது, உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபியோடு திருப்திப்பட வேண்டும்.

இந்த வழியிலும் காற்று தையில் நம் பக்கம், தென்மேற்கே போகப் போக முதுகில். ஆனி, ஆடியில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்று வழிக்கும் பொதுவாக இரண்டு விஷயம். சைக்கிளை ரயிலில் கொண்டுபோக பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், நம்முடைய ரயிலிலேயே ஏற்றுவார்கள் என்று சொல்வார்கள். ஒரு தடவை நான் இறங்கிய நிலையத்தில் சைக்கிள் மறுநாள்தான் வந்தது, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் திரிந்தேன். அதனால் முதல் நாள் மிதிப்பதாகத் திட்டமே போடாதீர்கள். ரயில் திருச்சி, காரைக்கால், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி எல்லாவற்றுக்கும் உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளிக்கும் 2023-இல் ரயில் திரும்ப வந்துவிட்டது, ஆனால் அது சின்ன வண்டி, அதில் சைக்கிளை ஏற்றுவதை நம்பித் திட்டம் போட வேண்டாம். அடுத்தது, உப்புக்காற்று. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இரண்டு நாள் போனால் செயின் பழுப்பேறும், ராத்திரி துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் தூங்கக் கூடாது. டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, பந்தய சைக்கிளின் மெல்லிய டயரோடு கிராமச் சாலைக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு போன நண்பர்களைத் தெரியும்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? ஜனவரி கடைசி, ஏழு நாள், பழக்கமில்லாத கால். சென்னையிலிருந்து முழுசாகப் போனால் நாளுக்கு 85 கி.மீ. வரும், நாலாவது நாள் வீட்டுக்கு போன் போடுவான். காவிரிக்கரை எனக்குப் பிடித்தது, ஆனால் அந்த மாசத்தில் காற்று எதிரே. தெற்கு வழி அடுத்த வருஷத்துக்கு. ஆகவே ரயிலில் நாகப்பட்டினம் போய் இறங்கு, வேதாரண்யம், பட்டுக்கோட்டை, தொண்டி, ராமநாதபுரம் என்று தங்கித் தங்கி ஐந்து நாளில் ராமேஸ்வரம் போ, நாளுக்கு 65 கி.மீ. போதும், ஆறாவது நாள் விடிகாலையில் தனுஷ்கோடி, ஏழாவது நாள் ரயிலேறு என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். ரொம்ப நன்றிண்ணா என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

நேற்று வந்து மணப்பாடு போட்டோ ஒன்றைக் காட்டினான். யாரோ டிரோனில் எடுத்தது. ராமநாதபுரத்துக்கே டிக்கெட் போட்டுவிட்டேன், அங்கிருந்து கன்னியாகுமரி, நீங்களே சொன்னீங்களே காற்று முதுகில்தான் என்று, என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு டியூபும் பஞ்சர் பெட்டியும் எடுத்துக் கொடுத்துவிட்டு, டயரின் உள்பக்கம் எப்படி விரல் விட்டுத் தடவுவது என்று மட்டும் காட்டிக் கொடுத்தேன்.